ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்: நாலாயிரம் வருஷத்துப் பழைய செம்பு வியாபாரம்

1.


"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம்ம ஊர்த் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் மறந்திருக்காது. ஓட்டை அண்டா, நசுங்கிய சொம்பு, தண்டு உடைந்த குத்துவிளக்கு என்று எதைக் கொடுத்தாலும் தராசில் போட்டு, காகிதத்தில் பேரீச்சம்பழம் மடித்துத் தருவார். பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பிவிட்டோம். அந்த அண்டா எங்கே போச்சு என்று யாராவது யோசித்தோமா?

இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். கொஞ்சம் நீளமான இழை. பாதி வரலாறு, பாதி மருத்துவம். முடிவில் உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

2.
முதலில் ஒரு சின்ன அறிமுகம்.

செம்பு என்பதுதான் தாமிரம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். ஆக, நம்ம பாட்டி வீட்டுப் பரணில் இருந்த பாதிப் பாத்திரங்களுக்கு அம்மா செம்புதான்.

இரும்பை மழையில் போட்டால் துரு தின்றுவிடும். செம்பு அப்படி இல்லை. மேலே பச்சையாகக் களிம்பு பிடிக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். 1085 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். உருக்கிச் சுத்திகரித்துவிட்டால், நேற்று சுரங்கத்திலிருந்து வந்த செம்புக்கும் ஆயிரம் வருஷம் பழைய செம்புக்கும் தரத்தில் வித்தியாசம் கிடையாது.

உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் காயில் கம்பி, முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு விளக்காக இருந்திருக்கலாம். செம்புக்கு வயசு தெரியாது.

3.
சரி, கதை எங்கே ஆரம்பிக்கிறது?

பேரீச்சை விளையும் பூமியிலேயே ஆரம்பிக்கிறது. இன்றைய தெற்கு ஈராக். அங்கே ஊர் என்றே பெயர் கொண்ட ஒரு பழைய நகரம் இருந்தது. ஆமாங்க, பேரே "ஊர்"தான். அந்த மண்ணில் தானியம் விளையும், பேரீச்சை காய்க்கும், ஆனால் செம்பு கிடையாது. ஓமான் மலைகளில் வெட்டிய செம்பு, தில்முன் என்று அழைக்கப்பட்ட பஹ்ரைன் வழியாகக் கப்பலில் வரும். மெசபடோமியர்கள் துணியும் எண்ணெயும் தானியமும் கொடுத்து வாங்கினார்கள்.

அந்த வியாபாரத்தில் இருந்த ஒருவரின் பெயர் ஏ-நாசிர். இன்றிலிருந்து சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் வாழ்ந்தவர். அவருக்கு ஒரு வாடிக்கையாளர் களிமண் பலகையில் எழுதிய புகார்க் கடிதம் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 12 சென்டிமீட்டர்கூட இல்லை. கைபேசி அளவுக்கும் குறைவு.

4.
எழுதியவர் பெயர் நன்னி. கடிதத்தின் சாரம் இதுதான்: "நல்ல செம்புக் கட்டி தருகிறேன் என்று சொல்லிவிட்டு மட்டமான சரக்கை என் ஆளிடம் காட்டினாய். வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ என்று அவமானப்படுத்தினாய். எதிரி நாட்டைக் கடந்து வந்த என் ஆள் வெறுங்கையோடு திரும்பினான். இனிமேல் என் இடத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியாக நானே பார்த்துப் பொறுக்கித்தான் எடுப்பேன்."

உலகின் மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் என்று இதற்குப் பெயர்.

கடைசி வரியைக் கவனிச்சீங்களா? "நானே பார்த்துப் பொறுக்கித்தான் எடுப்பேன்." இன்றைக்கும் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் இதே வசனம்தான். அரத்தால் உரசிப் பார்ப்பார், காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார். செம்பு என்றால் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கு என்று அர்த்தம். செம்பு வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து அது நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் நடக்கும் வியாபாரம்.

5.
அது புதுச் செம்பு. பழைய செம்பை வாங்கி விற்கும் ஆள் எப்போது வந்தார்?

அதற்கும் சாட்சி இருக்கிறது, கடலுக்கு அடியில்.

துருக்கியின் தென்கரையில் கெலிடோனியா முனை என்று ஓர் இடம். 1960ல் ஜார்ஜ் பாஸ் என்ற இளம் ஆய்வாளரின் குழு அங்கே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலை ஆராய்ந்தது. கடலடி அகழாய்வு என்ற துறைக்கே அதுதான் முன்னோடி. கப்பல் மூழ்கியது கிமு 1200 வாக்கில். உள்ளே சுமார் ஒரு டன் உலோகம்.

அதில் செம்புக் கட்டிகள் இருந்தன. கூடவே கூடைகளில் உடைந்த வெண்கலக் கருவிகள். முனை போன கோடரி, பாதி மண்வெட்டி, துண்டுத் துண்டான கத்தி. பக்கத்திலேயே எடைக்கற்களும் கல் சுத்தியல்களும்.

சைக்கிளுக்குப் பதில் கப்பல். மற்றபடி நம்ம தெருவுக்கு வந்த அதே ஆள்தான். உடைந்ததை எடை போட்டு வாங்கி, உருக்குபவரிடம் சேர்ப்பவர். மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே அவர் கரை கரையாகப் போய்க்கொண்டிருந்தார்.

6.
இன்னும் ஒரு கதை. பழைய உலோக வியாபாரத்திலேயே பிரமாண்டமான கதை இதுதான்.

கிரேக்கத் தீவான ரோட்ஸில் சூரியக் கடவுளுக்கு சுமார் 33 மீட்டர் உயரத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. கிமு 226 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் முழங்காலோடு உடைந்து விழுந்தது. விழுந்த சிலை எண்ணூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்ததாம். கிபி 653ல் தீவைப் பிடித்த அரபுப் படை அதை ஒரு வியாபாரிக்கு விற்றது என்றும், அவர் 900 ஒட்டகங்களில் ஏற்றிப் போனார் என்றும் தியோபேனிஸ் என்ற வரலாற்றுப் பதிவாளர் எழுதிவைத்திருக்கிறார்.

ஒட்டகக் கணக்கை இன்றைய ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. ஆனால் அந்தக் காலத்து மக்கள் இதை நம்பினார்கள் என்பதே ஒரு செய்தி. கடவுள் சிலையே ஆனாலும் உடைந்துவிட்டால் கிலோ கணக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

7.
அடுத்து நம்ம பக்கத்துக் கடற்கரைக்கு வருவோம்.

12ஆம் நூற்றாண்டு. மங்களூர். துனிசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் இங்கே வந்து தங்கி, வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். ஏடனில் இருந்த அவருடைய நண்பர்கள் செம்பு அனுப்புவார்கள். கூடவே உடைந்த பழைய பாத்திரங்களையும் கப்பலில் ஏற்றி அனுப்பி, "இதை உருக்கி இந்த அளவில் புதுசு செய்து அனுப்பு" என்று கடிதம் எழுதுவார்கள்.

அந்தக் கடிதங்கள் கெய்ரோவில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் பழங்காகித அறையில் நூற்றாண்டுகள் கிடந்து, பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வரை போயின.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏடனில் ஒரு வீட்டில் கூஜா உடைகிறது. அது அரபிக்கடலைக் கடந்து மங்களூர் வந்து, நம்ம கைவினைஞர் கையில் புதுசாகி, திரும்பவும் ஏடன் போகிறது. கப்பல் கூலி கொடுத்தும் கட்டுப்படியாகும் அளவுக்கு செம்புக்கு மதிப்பு, நம்ம ஊர்க் கொல்லர்களின் கைக்கும் மதிப்பு.

8.
இதில் ஒரு சோகமும் உண்டு.

ராஜேந்திர சோழன் முத்திரை கொண்ட ஆனைமங்கலம் செப்பேடுகளில் 21 ஏடுகள். எடை சுமார் 30 கிலோ. சோழர் வரலாற்றுக்கு மிகப்பெரிய ஆதாரம். ஆனால் அதையே ஒரு பாத்திர வியாபாரியின் தராசில் வைத்தால்? 30 கிலோ செம்பு. அவ்வளவுதான்.

இன்று நாம் பார்க்கும் செப்பேடுகளிலும் செப்புத் திருமேனிகளிலும் பல, மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால்தான் நமக்கு மிஞ்சின. உருக்குலைக்குள் போனவை எத்தனை என்ற கணக்கு யாரிடமும் இல்லை. செம்பு அழியாது. ஆனால் அதன் மேல் எழுதியிருந்தது அழிந்துவிடும்.

9.
19ஆம் நூற்றாண்டில் எல்லாம் மாறியது. மின்சாரம் வந்தது.

வெள்ளிக்கு அடுத்தபடியாக மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் செம்பு. தந்திக் கம்பி, மோட்டார், டிரான்ஸ்பார்மர், வீட்டு வயரிங் என்று அதுவரை அடுப்படியில் இருந்த செம்பு சுவருக்குள் போனது. பழைய செம்பை உருக்கிப் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து எடுப்பதைவிட 85 சதவீதம் வரை ஆற்றல் மிச்சமாகும். ஆகவே பழைய செம்புக்கு எப்போதும் ஆள் இருக்கும்.

போர் வந்தால் கேட்கவே வேண்டாம். தோட்டா உறை, பீரங்கிக் குண்டு உறை எல்லாமே பித்தளை. இரண்டாம் உலகப்போரில் செம்பு கிடைக்காமல் அமெரிக்கா 1943ல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்தது. போர் முடியும் சமயத்தில் சுட்டுத் தீர்ந்த தோட்டா உறைகளை உருக்கி மறுபடி செம்பு நிறக் காசு அடித்தார்கள். அணுகுண்டுத் திட்டத்தில் ராட்சத மின்காந்தங்களுக்குச் செம்புக்கம்பி போதாமல், அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள். ஏறத்தாழ முழுவதையும் பிறகு திருப்பியும் தந்துவிட்டார்கள்.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நினைக்காதீங்க. உங்கள் தாத்தா பேச்சில் "ஓட்டைக் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை" என்று ஒரு வசனம் வருமே? 1943ல் பிரிட்டிஷ் இந்திய அரசு நடுவில் ஓட்டை போட்டு வெளியிட்ட வெண்கலக் காசு அது. உலோகத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஓட்டை.

10.
இப்போது மருத்துவத்துக்கு வருகிறேன்.

நம் உடம்பிலும் செம்பு இருக்கிறது. மொத்தமாக 100 மில்லிகிராம் அளவில். ரத்தம் ஊறவும் நரம்புகள் வேலை செய்யவும் வேணும். மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடும். ஆனால் கைக்குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை முழுசாகப் பழகியிருக்காது.

"இந்தியக் குழந்தைப்பருவக் கல்லீரல் சுருக்க நோய்" என்று ஒரு வியாதி இருந்தது. பெயரிலேயே இந்தியா. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் குழந்தைக்கு வயிறு வீங்கும், கல்லீரல் கல் மாதிரி இறுகும், பெரும்பாலும் உயிர் பிழைக்காது. கல்லீரலைப் பரிசோதித்தால் செம்பு எக்கச்சக்கமாக இருக்கும்.

1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டின. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைக் குழந்தைக்குச் சீக்கிரமே கொடுக்க ஆரம்பித்ததுதான் அது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் பாத்திரத்தின் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பரம்பரைக் காரணமும் கூடவே இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இன்று அந்த நோய் ஏறத்தாழ மறைந்துவிட்டது.

11.
மறைந்தது எப்படி? மருத்துவர்களின் விழிப்புணர்வுப் பிரசாரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீடு வீடாகப் பித்தளைப் பாத்திரம் வெளியே போய் எவர்சில்வர் உள்ளே வந்தது.

அந்தப் பித்தளையை வாசலில் வந்து வாங்கிப் போனவர் யார்? பேரீச்சம்பழக்காரரும் பழைய பாத்திரக்காரரும்தானே!

அதேபோல் "பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது" என்று தெருவில் கூவி வந்தவரும் ஒரு வகையில் சுகாதாரப் பணியாளர்தான். அந்த ஈயம் வெள்ளீயம். புளியும் மோரும் செம்பைத் தொடாமல் காத்தது அந்தப் பூச்சு. செம்புப் பாட்டிலில் தண்ணீர் குடிக்கும் இன்றைய சொந்தங்களுக்கும் இது பொருந்தும். தண்ணீரோடு நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், பால் எதையும் அதில் ஊற்றி வைக்காதீங்க.

நம்ம பிள்ளைகளின் கல்லீரல் பிழைத்ததில் பெயர் தெரியாத அந்தச் சைக்கிள் வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கே அது தெரியாது.

12.
அவர்களின் பிள்ளைகளுக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்திருக்கிறோம்? இந்த இழையை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான்.

இன்று பழைய செம்பு அண்டாவாக வருவது குறைவு. வயராக வருகிறது. பழைய டிவி, கணினி, சார்ஜர், கேபிள். செம்பின் மேல் பிளாஸ்டிக் உறை. உறையை உரித்தால்தான் செம்புக்கு விலை. கத்தியால் உரிக்க நேரமாகும். ஆகவே பலர் என்ன செய்கிறார்கள்? ஒரு ஒதுக்குப்புறத்தில் குவித்துத் தீ வைத்துவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் பிளாஸ்டிக் போய்விடும், செம்பு மிஞ்சும்.

வயர் எரியும்போது தீயைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சையும் நீலமுமாக, அழகாக இருக்கும். அந்த அழகுதான் ஆபத்தின் அடையாளம்.

13.
பிவிசி பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. குளோரினும் செம்பும் தீயில் சேர்ந்தால் பச்சைச் சுவாலை வரும். பெயில்ஸ்டைன் என்ற வேதியியலாளர் 1872ல் இதை வைத்தே ஒரு பரிசோதனை வகுத்தார். கல்லூரி ஆய்வகத்தில் இன்றும் சொல்லித்தருவார்கள்.

பிவிசி எரியும்போது நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கூடவே டயாக்சின் என்ற நச்சுக்கூட்டம் உருவாகும். அது உருவாவதைத் துரிதப்படுத்தும் வினையூக்கி எது தெரியுமா? செம்பேதான். சாதாரணக் குப்பையை எரிப்பதே கெடுதல், செம்பு வயரை எரிப்பது அதைவிடக் கெடுதல்.

டயாக்சின்களில் மிகக் கொடியதைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்து, 1997ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்தது. உடம்பில் புகுந்தால் கொழுப்பில் தங்கிவிடும். பாதி அளவு வெளியேறவே 7 முதல் 11 வருஷம் ஆகும். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும்.

14.
இன்னொரு வில்லன் காரீயம்.

பழைய பிவிசி உறைகளில் சூடு தாங்குவதற்காகக் காரீய உப்பு சேர்ப்பார்கள். எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் கலந்து மண்ணில் படியும். எரித்தவரின் சட்டையில் ஒட்டி வீட்டுக்குள் வரும். அப்பா வந்ததும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் குழந்தையின் கையில் ஒட்டும். அந்தக் கை வாய்க்குப் போகும்.

உள்ளே போகும் காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். ரத்தசோகை, ஓயாத வயிற்றுவலி, மலச்சிக்கல், படிப்பில் பின்தங்குவது, காரணமில்லாத எரிச்சல், இப்படி வரும். பல பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, மூளை மட்டும் சத்தமில்லாமல் பாதிக்கப்படும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று காரீயத்துக்குக் கிடையாது.

"பையன் சரியாப் படிக்க மாட்டேங்கிறான், மந்தமா இருக்கான்" என்று திட்டுகிறோம். அவன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா?

15.
எங்கே நடக்கிறது இது?

கானாவின் அக்ராவில் அக்பொக்ப்ளோஷி என்ற இடம் வயர் எரிப்புக்கே உலகப் பிரசித்தம். 2019ல் அங்கே மேய்ந்த கோழியின் முட்டைகளைச் சோதித்தார்கள். ஒரே ஒரு முட்டை சாப்பிட்டால், ஐரோப்பிய அமைப்பு வகுத்த ஒரு நாள் டயாக்சின் வரம்பைப்போல 220 மடங்கு உடம்பில் ஏறும் என்று தெரிந்தது. 2021ல் அந்த இடத்தை இடித்தார்கள். தீ அணையவில்லை, இடம்தான் மாறியது.

நம் நாட்டில் டெல்லியின் சீலம்பூரும், பித்தளை நகரம் என்று பெயர் எடுத்த மொராதாபாத்தும் இதே காரணத்துக்காகச் செய்திகளில் அடிபட்டிருக்கின்றன. பாத்திரம் வார்த்த அதே ஊர், இப்போது மின்கழிவிலிருந்து செம்பு எடுக்கிறது.

மின்கழிவும் குழந்தைகளும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2021ல் தனி அறிக்கையே வெளியிட்டது. கழிவுத் தொழில் உட்பட்ட முறைசாராத் தொழில்துறையில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறார்கள் இருப்பதாக அதில் சொன்னது.

16.
"அவங்களை யாரு எரிக்கச் சொன்னா?" என்று கேட்பது சுலபம். எரிக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இல்லை என்பது அவர்கள் பதில்.

ஆனால் வியாபாரக் கணக்கிலேயே எரிப்பது நஷ்டம். செம்பு வியாபாரத்தில் உலகம் முழுக்கத் தர வரிசை உண்டு. தந்தி காலத்தில் காசை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு தரத்துக்கும் ஒற்றைச் சொல் வைத்தார்கள். உரித்த, பளபளக்கும் முதல் தரக் கம்பிக்கு பார்லி. அதற்கு அடுத்தது பெர்ரி. பித்தளைக்கு ஹனி. இன்றும் அதே சொற்கள்தான். அந்தப் பெர்ரி தரத்துக்கான விதியிலேயே, எரிந்து நொறுங்கும் கம்பி கலக்கக் கூடாது என்று இருக்கிறது. எரித்தால் செம்பு கருத்துப் போகும், நொறுங்கும், தரம் இறங்கும், விலையும் இறங்கும்.

கையால் சுற்றும் சிறிய உரிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால், அதே வயருக்குக் கூடுதல் விலை. பிள்ளைக்கும் கேடில்லை.

17.
இப்போது என் கோரிக்கை.

ஒன்று, வீட்டில் பழைய வயர், சார்ஜர் இருந்தால் குப்பையோடு போடாதீங்க, நீங்களே எரிக்கவும் செய்யாதீங்க. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையம் பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுங்கள்.

இரண்டு, பழைய இரும்புக் கடையில்தான் போடுவீர்கள் என்றால், "அண்ணே, எரிக்காதீங்க, உரிச்சு எடுங்க, விலையும் கூட வரும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேரம் பேசும் நேரத்தில் இதற்கும் அரை நிமிஷம் ஒதுக்கலாம்.

மூன்று, இந்தத் தொழிலில் இருக்கும் சொந்தங்களுக்கு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவி, துணி மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். சரக்கு பிரிக்கும் இடத்தில் சாப்பிடாதீங்க. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த இடத்துக்கு வர விடாதீங்க. பிள்ளைக்கு இரும்புச்சத்து, கால்சியம் குறையாத சாப்பாடு கொடுங்கள். அந்தச் சத்துகள் குறைந்தால் காரீயம் அதிகமாக உள்ளே போகும்.

நான்கு, பிள்ளைக்கு ரத்தசோகையும் வயிற்றுவலியும் விடாமல் இருந்தால், மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தத்தில் காரீய அளவு பார்க்கப் பரிசோதனை உண்டு. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஐந்து, என் சக மருத்துவர்களுக்கு. "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்ற கேள்வியைக் குழந்தையின் கேஸ் ஷீட்டில் விட்டுவிடாதீர்கள்.

18.
ஏ-நாசிர் போனார், நன்னி போனார், ரோட்ஸ் சிலையும் போனது. அவர்கள் கை மாற்றிய செம்பில் கொஞ்சம் இன்றும் ஏதோ ஒரு சுவருக்குள் மின்சாரத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம். நாலாயிரம் வருஷமாக இந்த உலோகத்தை வீணாக்காமல் காப்பாற்றியவர்கள் பெயரில்லாத பழைய சாமான்காரர்கள்தான்.

செம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கிப் புதுசாக்கலாம். குழந்தையின் மூளைக்கும் நுரையீரலுக்கும் அந்த வசதி இல்லை.

இந்த இழையை உங்கள் தெருப் பழைய இரும்புக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். படிக்க நேரமில்லை என்றால் வாய்ஸ் மெசேஜாகவாவது சொல்லுங்கள்.